தோள் சரியாகிவிட்டது

வாடிக்கையாளர் ஒருவரின் பின்கழுத்தில் முடிவெட்டும் மெஷினை வைத்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் பெரியவனின் வலது கை பாதி வழியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தோள்பட்டைக்குள் யாரோ ஆணி அறைந்து, அதில் கையை மாட்டிவிட்டது போல இருந்தது. மெஷின் மட்டும் கையில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா, பாதித் தலையோட அனுப்பிடாதே. வீட்டுல அடையாளம் தெரியாம கதவைச் சாத்திடுவாங்க" என்றார் நாற்காலியில் இருந்தவர்.

பெரியவன் சிரித்து வைத்தான். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மீதித் தலையை முடித்தான். கண்ணாடியில் அவன் முகம் வெளிறிப் போயிருந்ததை அவரும் பார்த்தார். அவர்தான் எழுந்து துண்டை உதறும்போது, தன் மனைவியின் கழுத்து வலிக்கு ஊசி குத்தும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லி, இடத்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

அவனுக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவன் வேலை செய்வான். இன்னொன்றில் காத்திருப்பவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நாளெல்லாம் கையைத் தூக்கியே வைத்திருக்கும் தொழில், தோள் வலிக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த வலி கத்தரியால் வந்ததல்ல என்பது அவனுக்குத் தெரியும். அது தம்பியால் வந்தது.

அம்மா இருந்தவரை பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெரியவன், சின்னவன். மூத்தவள் அக்கா. அதுவே நிலைத்துப் போனது. சின்னவன் உயரமான கட்டடங்களின் உச்சியில் விளம்பரப் பலகை மாட்டும் வேலையில் இருந்தான். பயம் என்பது என்னவென்றே தெரியாதவன். எட்டு வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு மதியம், பலகையோடு சேர்ந்து கீழே வந்தான். உயிர் தங்கியது. கழுத்தெலும்பு நொறுங்கியதில் நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. கைகள் பாதி அசையும், விரல்கள் மடங்காது. உள்ளங்கையில் பட்டையால் கரண்டியைக் கட்டிவிட்டால் தானே சாப்பிடுவான்.

"என் உடம்புல ஓடற வண்டி ஒண்ணே ஒண்ணுதான், வாய்" என்பான் சின்னவன். அது உண்மைதான். வாய் மட்டும் நிற்கவே நிற்காது.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, அங்கிருந்து குளியலறை, திரும்ப நாற்காலி, திரும்பக் கட்டில். தம்பியின் கைகளைத் தன் கழுத்தில் மாலை போலப் போட்டு, ஒரு கையை முதுகுக்கும் மறு கையைத் தொடைக்குக் கீழேயும் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்க வேண்டும். தூக்கும் ஒவ்வொரு முறையும் சின்னவன், "மூட்டை ரெடி, முதலாளி" என்பான். படுத்தே இருந்ததில் அவனுக்குத் தொந்தி விழுந்து கனத்திருந்தான். பெரியவனோ ஒல்லி.

*

ஊசிக்காரப் பெண்ணின் அறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. முகம் வைக்க ஓட்டை போட்ட ஒரு கட்டில், சுவரில் தோலுரித்த மனிதனின் தசைப் படம், பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்த தள்ளுவண்டி. இளம்பெண்தான். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். யாரோ அவசரத்தில் வெட்டிய வெட்டு என்பது பெரியவனின் கண்ணுக்கு உடனே பட்டது. தோளை அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள். அவனுக்கு வலி தோளிலிருந்து முழங்கை தாண்டிக் கட்டைவிரல் வரைக்கும் ஓடியது.

"இங்கதான் இருக்கு சார். தசைக்குள்ள முடிச்சு விழுந்திருக்கு. டிரை நீட்லிங் பண்ணலாம். மெல்லிசு ஊசி, மருந்து எதுவும் கிடையாது."

"மருந்தே இல்லாத ஊசியா டாக்டரம்மா? அது எப்படி?"

"முடிச்சை ஊசி முனை தொட்டா தசை ஒரு துள்ளு துள்ளும். துள்ளிட்டா தளரும். ரெண்டு நாள் அடிச்சுப் போட்ட மாதிரி வலி இருக்கும். அப்புறம் லேசாகும்."

கவிழ்ந்து படுத்தான். ஓட்டை வழியாகத் தரையும் அவளுடைய செருப்பும் தெரிந்தன. "நுரையீரல் பக்கத்துலயே இருக்கு. அதான் தசையைக் கிள்ளிப் பிடிச்சுக்கறேன். இருமாதீங்க, அசையாதீங்க" என்றாள். ஊசி இறங்கியது தெரியவே இல்லை. சற்று உள்ளே போனதும் தூண்டிலில் மாட்டிய மீன் போல அவன் தசை தானாகத் துள்ளியது. அவனைக் கேளாமலே அவன் உடம்பு செய்த காரியம் அது. "ஐயோ" என்றான். வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

ஊசிகளை எடுத்தபின் அவள் கேட்டாள். "வீட்டுல ஏதாவது பாரம் தூக்கறீங்களா?"

சொன்னான். ஆளைத் தூக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் என்றாள். அதை அவன் முன்பே போய்ப் பார்த்திருந்தான். அவர்கள் வீட்டு நடையில் அது திரும்பாது.

"சார், முடிச்சை நான் அவிழ்ப்பேன். நீங்க தினமும் போய்க் கட்டிக்கிட்டு வருவீங்க."

"நீங்க அவிழ்த்து விடுங்க டாக்டரம்மா. கட்டறதை நான் பாத்துக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தம்பி கனமா இருப்பாரோ?" என்று கேட்டாள்.

"என்னைவிட ஒன்றரை மடங்கு."

"அவர் கொஞ்சம் எடை குறைச்சார்னா உங்க தோளுக்கு என் ஊசியைவிட அது நல்லது."

போகிற போக்கில் சொன்ன சொல். அவளும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை, அவனும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி, எல்லாக் கதையையும் தம்பியிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னான். மருந்தில்லாத ஊசி, துள்ளின தசை, அவளுடைய கோணல் முடிவெட்டு.

"ஊசிக்காரம்மான்னு சொல்லு" என்றான் சின்னவன். "எங்கயோ படிச்சுட்டு வந்து கொல்லன் தெருவுலயே ஊசி விக்கறாங்க. நீ கத்திக்காரன், உனக்கே ஊசியா?"

"சும்மா சொல்லாதேடா, கை தூக்க முடியுது பாரு. உன்னையும் விசாரிச்சாங்க. நீ இளைச்சா என் தோளுக்கு நல்லதாம், ஊசியே வேண்டாமாம்" என்று சொல்லிப் பெரியவன் சிரித்தான்.

சின்னவனும் சிரித்தான். "ஆமா, மாப்பிள்ளைக் கோலத்துல நிக்கணும்ல, இளைக்கத்தான் வேணும்" என்றான்.

பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

*

பெரியவன் வாராவாரம் மாடி ஏறினான். முதல் சில வாரங்கள் அவள் சொன்னபடியே நடந்தது. இரண்டு நாள் லேசு, மூன்றாம் நாள் மறுபடி ஆணி. பிறகு, எப்போது என்று அவனால் சொல்ல முடியாது, வலி குறைய ஆரம்பித்தது. தூக்கும்போது பல்லைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை. குளியலறையிலிருந்து திரும்பும்போது நடுவில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவது நின்றது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிற எல்லோரிடமும் ஊசிப் புராணம்தான். முடி வெட்ட வந்தவர்களின் தோளை அவனே அழுத்திப் பார்த்து, "முடிச்சு இருக்கு, போய்க் குத்திக்குங்க" என்று அனுப்பினான். வருஷக்கணக்காகக் கடையில் பாடாத ரேடியோ பாட ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பியை நாற்காலியில் வைத்துத் தெருமுனைப் பூங்கா வரை தள்ளிக்கொண்டு போனான்.

"அடுத்த மாசம் கடலுக்குப் போலாம்டா. கார் வெச்சுக்கலாம். உன்னை ஏத்தி இறக்கறதுதானே? இப்ப எனக்கு அது ஒரு விஷயமே இல்ல" என்றான்.

"போலாம்ணே" என்றான் சின்னவன்.

அந்த நாட்களில்தான் சின்னவன் தாடி விட்டான். தினமும் அண்ணன் கையால் மழித்துக்கொண்ட முகம். திடீரென்று ஒரு நாள் வேண்டாம் என்றுவிட்டான். "சலூன்காரன் தம்பிக்குத் தாடியா, கடை மானம் போகுது" என்று பெரியவன் சொல்லிப் பார்த்தான். "நாள் முழுக்கச் சும்மா கெடக்கேன், வளர்க்கறதுக்கு வேற என்ன இருக்கு? முடியாவது வளர்ந்துட்டுப் போகுது" என்றான் தம்பி. அது நன்றாகவே அடர்ந்து வளர்ந்தது. பெரியவன் ஓரங்களை மட்டும் ஒதுக்கிவிட்டான்.

மதியம் கடையில் கூட்டம் இருக்கும். அதனால் காலையிலேயே சாப்பாட்டை டப்பாவில் போட்டு, மூடியைத் தளர்த்தி, ஜன்னலோரக் கட்டிலில் தம்பியின் கைக்கெட்டும் பலகைமேல் வைத்துவிட்டு, கரண்டியையும் கட்டிவிட்டுப் போவான். கூட்டம் ஓய்ந்ததும் வந்து, தம்பியைப் புரட்டிப் படுக்க வைப்பான். டப்பா காலியாக இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சின்னவன் பாதியில் தலையை ஆட்டுவான். "மதியம் மூக்கு முட்டத் தின்னுட்டேன், போதும்ணே."

ஊசிக்காரம்மாவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. "முடிச்சு இன்னும் அப்படியேதான் இருக்கு சார்" என்றாள் ஒரு நாள், விரலை ஓட்டியபடி. "ஆனா நீங்க வலி இல்லைங்கறீங்க."

"சத்தியமா இல்ல டாக்டரம்மா. இப்பல்லாம் தம்பிய தூக்கினா பூவைத் தூக்கற மாதிரி இருக்கு."

"அப்ப தசைக்குப் பலம் வந்திருக்கு. நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாதீங்க" என்றாள் அவள். நோயாளி நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போது, இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

தினமும் பார்க்கிற கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. கால்கள் எட்டு வருஷமாகவே குச்சிதான். குளிப்பாட்டும்போது தொந்தி வற்றியிருந்ததைப் பெரியவன் பார்த்தான். பூங்காவுக்குப் போய்வந்ததில் உடம்பு இறுகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். முதுகுக்குக் கீழே, வால் எலும்பின் மேல் தோல் சிவந்து காசளவுக்கு உரிந்திருந்தது. இப்படி முன்பும் வந்து ஆறியிருக்கிறது. களிம்பு தடவிக் கட்டுப் போட்டான். இந்த முறை அது ஆறாமல் கிடந்தது. வேளை தவறாமல் கட்டை மாற்றினான்.

*

அக்கா பக்கத்து ஊரில் இருந்தாள். அவளுடைய வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆனதில் நாலைந்து மாதம் அவளால் வர முடியவில்லை. வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கட்டிலைப் பார்த்தாள்.

"இது யாருடா?" என்றாள்.

"தாடி வெச்சிருக்கான்க்கா" என்று பெரியவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. நேரே போய்ப் போர்வையை இழுத்தாள். சட்டையைத் தூக்கினாள். விலா எலும்புகள் ஏணிப்படி போல நின்றன. "பாதியா போயிருக்கானேடா. கண்ணை எங்க வெச்சிருந்தே?"

"என்னக்கா சொல்றே? டப்பா நிறையக் கட்டி வெச்சுட்டுப் போறேன். ஒரு பருக்கை மிச்சம் வெக்கறதில்ல. கேட்டுப் பாரு அவனையே."

சின்னவன், "வந்ததும் வராததுமா ஏன்க்கா ஆரம்பிக்கறே? உக்காரு" என்றான். வாய் மட்டும் பழைய வாய்தான்.

அக்கா உட்கார்ந்தாள். பெரியவன் அன்று கடையைத் திறக்கவில்லை. மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், பேச்சு எதிலும் ஒட்டவில்லை. மதிய வேளை வந்தது. வெளியே சந்தில் நகம் கீறும் சத்தம் கேட்டது. ஒரு கறுப்பு நாய் முன்னங்கால்களை ஜன்னல் திட்டில் ஊன்றிக்கொண்டு எழுந்து, தலையை உள்ளே நீட்டி நின்றது. தெருநாய்தான், ஆனால் உடம்பு மெழுகு பூசியதுபோல மினுமினுவென்று இருந்தது. அது யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. பழகிய வீட்டு வாசலில் நிற்பவர்கள் போல நின்று, சாப்பாட்டுப் பலகையையே பார்த்தது. வாலை ஆட்டியது.

சின்னவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஏண்டா?" என்றான் பெரியவன்.

"பசிக்கல."

"நாய்க்குப் பசிச்சுதோ?" என்று கத்தினாள் அக்கா. பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது.

பெரியவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்குக் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை. ஒத்தடம் கொடுத்தபடி சிரித்துச் சொன்ன அந்த ஒரு சொல் அவனுடைய காதில் தன் குரலிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன்டா" என்றான் கடைசியில்.

"நீ எதுவும் சொல்லலண்ணே. அதெல்லாம் இல்ல." சின்னவன் சுவரைப் பார்த்தே பேசினான். "நீ என்னைத் தூக்கறப்ப என் காது உன் வாய்கிட்டதானே இருக்கும். நீ பல்லைக் கடிக்கற சத்தம் கேக்கும். எட்டு வருஷமா கேட்டேன். மூட்டை அது இதுன்னு நான் பேசறதே அந்தச் சத்தம் கேக்காம இருக்கத்தான். அப்புறம் ஒரு நாள் அது கேக்கல. நீ பாட்டுப் பாடிக்கிட்டே தூக்கினே. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"அது ஊசியாலடா" என்றான் பெரியவன். அது பொய் என்று தெரிந்தும் அதைத்தான் பிடித்துக்கொள்ள முடிந்தது.

"ஆமாண்ணே. ஊசியாலதான்" என்றான் தம்பி.

பெரியவன் எழுந்து போய்ச் சாப்பாடு பிசைந்து வந்தான். கரண்டியெல்லாம் கட்டவில்லை, கையாலேயே ஊட்டினான். சின்னவன் மறுக்கவில்லை. வாயைத் திறந்தான், மென்றான், விழுங்கினான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வயிறு சுருங்கிச் சுருங்கி ஏற்கும் வழக்கத்தையே மறந்திருந்தது. பெரியவன் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினான். மறுபடியும் அதே. மூன்றாம் முறை அக்கா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

துணி மாற்றப் புரட்டியபோது கட்டு நனைந்திருந்தது. அக்காதான் பிரித்தாள். காசளவுப் புண்ணின் ஓரத் தோல் தானாகவே விலகியது. அதன் அடியில் ஒரு குழி இருந்தது. குழிக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அங்கே சின்னவனுக்கு உணர்ச்சி கிடையாது. "என்னக்கா, என்ன பார்க்கறே?" என்று கவிழ்ந்தபடியே கேட்டான்.

*

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் நல்லவராகத்தான் பேசினார். புண் எலும்பைத் தொட்டுவிட்டது, கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார். மருந்து கொடுக்கலாம், வெட்டிச் சுத்தம் செய்யலாம், ஆனால் புண்ணை மூட உடம்பில் சரக்கு வேண்டும். "சுவர் எழுப்பச் சொல்றீங்க. கொத்தனார் இருக்கார், செங்கல் இல்ல. அதான் இப்ப நிலைமை." மூக்கு வழியாகக் குழாய் விட்டு உணவு கொடுத்துப் பார்ப்போம் என்றார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்தவர், பெரியவனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குழாயை முகத்தில் ஒட்ட வேண்டும், தாடி இருந்தால் பிளாஸ்திரி நிற்காது என்றாள் நர்ஸ். மழிக்க ஆள் அனுப்புகிறேன் என்றாள்.

"வேண்டாம்மா. நான் பண்றேன்" என்றான் பெரியவன்.

கடையிலிருந்து தன் பெட்டியைக் கொண்டுவந்தான். வெந்நீரில் துணியை நனைத்து முகத்தில் வைத்தான். முதலில் கத்தரியால் குறைத்தான், பிறகு நுரை பூசிக் கத்தியை எடுத்தான். வலது கை தோளுக்குமேல் எழும்பி, ஒரு நடுக்கமும் இல்லாமல் இறங்கியது. கத்தி போன பாதையெல்லாம் தம்பியின் முகம் வெளியே வந்தது. கன்னம் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. கத்தி போக அங்கே மேடே இல்லை. தோலை உள்ளிருந்து நாக்கால் தள்ளிக் கொடுக்கச் சொன்னான். சின்னவன் கொடுத்தான். இப்படி ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பான். நாற்காலியில் வந்து உட்காரும் பல்லுப்போன கிழவர்களுக்குச் சொல்வது. தம்பிக்கு நாற்பது வயது ஆகவில்லை.

"எப்படிண்ணே இருக்கேன்?" என்றான் சின்னவன்.

"மாப்பிள்ளை மாதிரி" என்றான் பெரியவன். கத்தியைத் துடைக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

குழாயில் போனது சில நாள் தங்கியது. எல்லோருக்கும் ஒரு நப்பாசை வந்தது. அக்கா வேண்டுதல் ஒன்றைக்கூட மனதுக்குள் போட்டு வைத்தாள். பிறகு காய்ச்சல் ஏறியது. ஏறிய காய்ச்சல் இறங்கவில்லை. சின்னவன் பேசுவதை நிறுத்தினான். அவன் வாய் நின்றபோதே பெரியவனுக்குத் தெரிந்துவிட்டது. காலை நேரம், தரை துடைக்கிறவர்கள் வாளியோடு வந்துகொண்டிருந்தபோது, அவன் மூச்சும் நின்றது. ஒரு சண்டையும் போடாமல் போய்விட்டான்.

உடம்பை வண்டியில் ஏற்ற இரண்டு ஆட்கள் வந்தார்கள். பெரியவன் அவர்களை விலக்கினான். தம்பியின் கைகளை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். அவை நிற்காமல் நழுவின. மறுபடி எடுத்துப் போட்டான். அக்கா, "விடுடா. அவங்க பாத்துக்கட்டும்" என்றாள். அவன் கேட்கவில்லை. தூக்கினான். ஒரு சிறு பிள்ளையைத் தூக்குவது போலத்தான் இருந்தது. தோள் எங்கேயும் வலிக்கவில்லை.

*

காரியமெல்லாம் முடிந்து அக்கா ஊருக்குக் கிளம்பும்போது தன்னோடு வந்துவிடச் சொன்னாள். "கடையை யார் பார்ப்பா?" என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கடையைத் திறந்தான். வாடிக்கையாளர்கள் துக்கம் விசாரித்தார்கள். சிலர் இதமாகப் பேசுவதாக நினைத்து, "ஒரு வகையில உனக்கும் விடுதலைதான்பா" என்றார்கள். அவன் அவர்கள் தலையை லேசாக முன்னால் சாய்த்துவிட்டு வேலையைப் பார்த்தான். ரேடியோவை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

சில வாரங்கள் கழித்து ஊசிக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஏன் வரவில்லை என்று விசாரித்தாள். போக வேண்டியதில்லை; ஆனால் போனான். ஏன் என்று அவனுக்கே தெரியாது. அவள் வழக்கம்போலக் கவிழ்ந்து படுக்கச் சொல்லிவிட்டு, தோளின் மேல் விரலை ஓட்டினாள். ஓட்டியவள் திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

"அட! முடிச்சே இல்ல சார்! சுத்தமாத் தளர்ந்திருக்கு. என்ன பண்ணீங்க? தூக்கறதுக்கு ஆள் வெச்சுட்டீங்களா?"

ஓட்டைக்குள் முகம் புதைந்திருக்க, அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "தம்பி போயிட்டான் டாக்டரம்மா."

அவளுடைய விரல்கள் அவன் தோளிலேயே நின்றன. எப்படி என்று கேட்டாள். புண் புரையோடிவிட்டது என்று மட்டும் சொன்னான். சாப்பாட்டைப் பற்றியோ, நாயைப் பற்றியோ, அவள் அன்று போகிற போக்கில் சொன்னதைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. திறந்தால் அவளும் இனி ஒவ்வொரு தோளிலும் விரல் வைக்கும்போது அதைச் சுமக்க வேண்டியிருக்கும். அது அவனோடு போகட்டும்.

"நீங்க அவருக்காக எவ்வளவோ செஞ்சீங்க" என்றாள் அவள்.

அவன் ஓட்டை வழியே அவளுடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப வலி இருக்கா சார்?"

"ஒரு ஊசி போட்டு விடுங்களேன்" என்றான்.

"முடிச்சு இல்லாத இடத்துல போட்டா ஒண்ணும் ஆகாது. சும்மா குத்தின மாதிரிதான் இருக்கும்."

"பரவால்ல."

அவள் தயங்கினாள். பிறகு, வேண்டாம் சார், அது சரியில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வெந்நீர்ப் பையை எடுத்துத் துணியில் சுற்றி அவன் தோளில் வைத்தாள். அடுத்த ஆள் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இருமினார். அவள் அவரைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவனே எழுந்தான், சட்டையைப் போட்டுக்கொண்டான், சொல்லிக்கொண்டு இறங்கினான்.

அதன்பிறகு அவனுக்குத் தோள் வலி வரவேயில்லை. கை நினைத்த உயரத்துக்குப் போனது, நினைத்த நேரம் வரைக்கும் நின்றது. நாள் முழுக்க நின்று எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் வெட்டினான். கூட்டம் ஓய்ந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போனால் அங்கே புரட்டிப் படுக்க வைக்க யாரும் இல்லை.